ரத்தப் பரிசோதனை நார்மல், பாதம் மட்டும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறு வருடங்களாக முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். கைவீக்கம் வடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்கிறார்கள். ஆனால் பாதவலி மட்டும் விடவில்லை. காலையில் எழுந்து தரையில் காலை வைத்தால் குதிகாலில் சுரீர் என்று குத்துகிறது. மாலையானால் விரல்களுக்கு அடியில் கூழாங்கல் மேல் நிற்பதுபோல் இருக்கிறது. மாங்காய் சீசனில் மாங்கூழ் தொழிற்சாலையில் ஈரத்தரையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பேன். தாங்க முடியாத நாட்களில் மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். "எல்லாம் நார்மல்தானே, இன்னும் என்ன வலி?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மாமியார் எருக்கிலை வைத்துச் செங்கல் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "இதெல்லாம் நம் ஊர் ஃப்ளோரைடு தண்ணீர் செய்கிற வேலை" என்கிறார். அடுத்த மாதம் சீசன் தொடங்குகிறது. நான் வேலைக்குப் போகலாமா? இந்த வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு வலிக்கிறது என்பதும் உண்மை, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதும் உண்மை. வீட்டில் உள்ளவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் உடலில் அழற்சி, அதாவது மூட்டை வீங்கிச் சுடவைக்கும் கொதிப்பு, எவ்வளவு இருக்கிறது என்று மொத்தமாகச் சொல்பவை. பாதத்தில் இரண்டு சின்ன மூட்டுகள் மட்டும் வீங்கியிருந்தால், அது ரத்தத்தில் தெரியாமலே போகலாம். அழற்சி முழுவதும் அடங்கிய பிறகும், அது இருந்த காலத்தில் பழுதாக்கிவிட்டுப் போன மூட்டும் தசைநாரும் வலிக்கும். கூரையில் பிடித்த தீயை அணைத்துவிடலாம். கருகிய விட்டம் தானாக நிமிர்ந்துகொள்ளாது. அந்தப் பழுதைக் காட்ட ரத்தப் பரிசோதனை கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முடக்குவாதம் எந்த அளவுக்கு அடங்கியிருக்கிறது என்று கணக்கிட, உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. அதற்காக 28 மூட்டுகளை அழுத்திப் பார்ப்போம். தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், கைவிரல் மூட்டுகள், முழங்கால்கள் ஆகியவை அதில் உண்டு. கணுக்காலும் பாதமும் அந்த 28-இல் இல்லை. நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் விரைவாகப் பார்த்து முடிக்க வசதியான கணக்கு அது. ஆனால் பாதத்தில் மட்டும் நோய் மிச்சமிருப்பவர் அந்தக் கணக்குப்படி 'நன்றாக இருக்கிறார்' என்றே வருவார். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறோம், புடவை கணுக்காலை மறைத்துவிடுகிறது, மருத்துவர் கையை நீட்டச் சொல்கிறார், நீட்டுகிறோம், சீட்டு எழுதி முடிந்துவிடுகிறது. ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள் இருக்கின்றன. முடக்குவாதம் எலும்பை அரிக்கத் தொடங்கும்போது, பலருக்கு முதல் அரிப்பு தெரிவது கால் சுண்டுவிரலின் அடிமூட்டில்தான்.

ஆகவே, அடுத்த முறை போகும்போது நாற்காலியில் உட்கார்ந்ததும், "டாக்டர், என் பாதத்தை அழுத்திப் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். தினமும் போடும் செருப்பையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். அந்தச் செருப்பின் அடிப்பகுதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே, நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும். இரண்டு பாதங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், நின்றபடி எடுத்தது என்றால் இன்னும் நல்லது. எக்ஸ்ரேயில் தெரியாத வீக்கம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும்.

இனி உங்கள் வலிக்கு வருவோம். நீங்கள் ஒரு வலி என்று எழுதியிருப்பது குறைந்தது இரண்டு வலிகள். காலை வலி வேறு, மாலை வலி வேறு. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றல்ல.

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் குத்தி, பத்துப் பதினைந்து அடி நடந்ததும் குறைகிறது என்றால், அது பெரும்பாலும் பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த தசைநார்ப் பட்டையின் வலி. இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த பட்டை, உடம்பின் மொத்த எடையும் திடீரென்று ஏறும்போது இழுபடுகிறது. இது முடக்குவாதம் இல்லாதவர்களுக்கும் வரும். எக்ஸ்ரே எடுத்தால் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருடைய குதிகாலிலும் அந்த எலும்பு முள் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால்தான் வலி தீரும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

மாலையில் வரும் கூழாங்கல் வலி நேராக முடக்குவாதத்தோடு சம்பந்தப்பட்டது. விரல்களின் அடிமூட்டுகளுக்குக் கீழே இயற்கை ஒரு கொழுப்பு மெத்தையை வைத்திருக்கிறது. அந்த மூட்டுகள் பல வருடம் வீங்கி வீங்கி வடிந்தால் விரல்கள் மேல்நோக்கி வளைகின்றன; மெத்தை அவற்றோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடுகிறது. அப்போது எலும்பின் முனை, தோலை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டு, தரையோடு மோதுகிறது. அந்த இடத்தில் தோல் காய்த்துப்போயிருக்கும், தொட்டுப் பாருங்கள். நிற்க நிற்க அதிகமாகி, உட்கார்ந்தால் குறையும் வலி இது. மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் இது முழுவதும் தீராது. செருப்பை மாற்ற வேண்டும்.

இதற்கு நடுவில் அழற்சியும் மிச்சமிருக்கிறதா என்று நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். காலையில், வேலை தொடங்கும் முன், கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாதத்தைத் தொடைமேல் தூக்கி வையுங்கள். கட்டைவிரல் அடிமூட்டின் பக்கத்தில் ஒரு கையையும், சுண்டுவிரல் அடிமூட்டின் பக்கத்தில் இன்னொரு கையையும் வைத்து, பாதத்தை இரு பக்கமிருந்தும் மெதுவாக நெருக்குங்கள். கைகுலுக்கும் அளவு அழுத்தம் போதும். அதற்கே 'ஆ' என்று வலித்தால், அந்த மூட்டுகளில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன்பு ஒட்டியிருந்த இரண்டு விரல்கள் இப்போது விலகி நிற்கின்றன என்றால், அவற்றின் அடிமூட்டுகள் வீங்கித் தள்ளுகின்றன என்று பொருள். காலையில் எழுந்ததும் பாதம் மரத்ததுபோல் இறுகி, இளகுவதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆனாலும் அப்படித்தான். இவற்றில் எது இருந்தாலும் முடக்குவாத மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணுக்காலின் உட்புறம் வலித்து, பாதத்தின் வளைவு தாழ்ந்து தட்டையாகிக்கொண்டு வருகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். வளைவைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார் நைந்துவருவதன் அறிகுறி அது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போவது இன்னொரு அறிகுறி. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கணுக்காலில் கட்டும் பட்டையும் செருப்புக்குள் வைக்கும் தாங்கியும் போதும். விட்டுவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் அது நரம்பு. சர்க்கரை, வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து செட் மாத்திரை. இதை நான் கொஞ்சம் கண்டிப்போடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னக் காகித உறையில் மூன்று நான்கு நிற மாத்திரைகளைப் போட்டுக் கொடுப்பார்கள்; பெயர் இருக்காது, அளவு இருக்காது. வழக்கமாக அதில் இருப்பவை ஒரு வலி நிவாரணி, ஒரு ஸ்டீராய்டு, வயிற்றுக்கு ஒரு மாத்திரை. போட்ட ஒரு மணி நேரத்தில் பறந்தோடும் வலி ஸ்டீராய்டால் பறப்பது. அது எலும்பை மெலியவைக்கும். மெலிந்த எலும்போடு எட்டு மணி நேரம் நின்றால், அடிபடாமலே பாதத்து எலும்பில் கீறல் விழும். வலி நிவாரணியும் மெத்தோட்ரெக்சேட்டும் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாட்களில் நீங்கள் செட் மாத்திரை போட்டிருந்தால், உங்களுக்கு வந்த அந்த 'நார்மல்' ரிப்போர்ட்டையே நம்ப முடியாது. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கிக் காட்டும். மருத்துவர் அதைப் பார்த்து, நோய் அடங்கிவிட்டது என்று நினைத்து மருந்தைக் குறைத்துவிடக்கூடும். அதனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் சொல்லுங்கள். பல வாரம் தொடர்ந்து போட்டிருந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம் வரை போகலாம். படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்கிறீர்கள் என்பதை எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. வலி கூடிய வாரத்தில் ஒன்றைச் சேர்த்துப் போடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். தினமும் போட்டு உயிரையே இழந்தவர்கள் உண்டு. ஃபோலிக் அமில மாத்திரை பற்றி நீங்கள் எழுதவில்லை. தருகிறார்களா என்று பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம். பாதத்தைப் பற்றிக் கேட்டீர்கள், கண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டேன், இதை யாரும் நினைவூட்டாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதால்.

செருப்புக்கு வருகிறேன். நீங்கள் போடுவது இரண்டு வார் வைத்த ஹவாய் செருப்பு என்று வைத்துக்கொள்கிறேன், நம் பக்கம் பெரும்பாலோர் போடுவது அதுதான். அது காலில் நிற்பதற்காக ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வளைந்த விரல்களை அது இன்னும் வளைக்கும், எலும்பு முனைகளைத் தரையை நோக்கி இன்னும் அழுத்தும். ஈரத்தரையில் கவ்வல் இரட்டிப்பாகும். உங்களுக்கு வேண்டிய செருப்பில் குதிகாலைச் சுற்றி வார் இருக்க வேண்டும். முன்பக்கம் விரல்கள் விரிய அகலம் இருக்க வேண்டும். விரல் நடுவே வார் வரக்கூடாது. அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடுவில் மடிந்தால் வாங்காதீர்கள். விரல் பகுதியில் சற்று மேல்நோக்கி உருண்டிருந்தால் மிகவும் நல்லது, அப்போது விரல்மூட்டு மடங்காமலே அடி நகரும். குதிகால் ஓரங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம்.

கடையில், "எம்.சி.ஆர். செருப்பு வேண்டும்" என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு என்று சொன்னாலும் எடுத்துக் காட்டுவார்கள். மெத்தென்று அமுங்கி, உடனே பழைய நிலைக்குத் திரும்பும் ரப்பர் அது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பதற்காக நமக்குப் பக்கத்திலுள்ள வேலூர், காரிகிரி மருத்துவமனைகளில் பல காலமாகக் கொடுத்துவந்த செருப்பு, பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. முடக்குவாதப் பாதத்துக்கும் அதே மெத்தை உதவும். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய் அளவு பாருங்கள்.

அதோடு, முன்பாதத்துக்கு ஒரு சின்னத் தாங்கி உண்டு. நடுவில் மேடாக, கோழிமுட்டையின் பாதியளவில் இருக்கும். இதைப் பலர் தவறான இடத்தில் ஒட்டிவிட்டு, பயனில்லை என்று கழற்றிப் போடுகிறார்கள். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டக்கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்ட வேண்டும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலில் வலிக்கும் எலும்பு முனையில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவிக்கொண்டு, செருப்பில் காலை வைத்து எழுந்து நில்லுங்கள். செருப்பில் சிவப்பு பதிந்த இடத்துக்குப் பின்னால் தாங்கியின் மேடு தொடங்க வேண்டும். எலும்பு முனைகளின் மேல் விழும் எடையை அது பின்னாலேயே வாங்கிக்கொள்ளும். முதலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு சமையல் வேலை செய்வதுதான் பல பெண்களின் பாதத்தை அதிகம் வருத்துகிறது. 'வீட்டுக்குள் செருப்பா' என்று மாமியார் முகம் சுளிக்கலாம். புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அது வாசற்படியைத் தாண்டாது என்று அவரிடமே சொல்லிவையுங்கள். சாமி விளக்கு இருக்கும் இடத்தில் கழற்றிக்கொள்ளுங்கள்.

இரவே அந்தச் செருப்பையும் ஒரு நீளத் துண்டையும் கட்டில் ஓரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்க வேண்டாம். படுக்கையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரிய வேண்டும், வலிக்கக்கூடாது. முப்பது எண்ணும் வரை பிடித்துவிட்டு விடுங்கள். காலுக்கு மூன்று முறை. பிறகு கணுக்காலை இரு பக்கமும் பத்து முறை சுழற்றுங்கள், கால்விரல்களை விரித்து மடக்குங்கள். அதன் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுங்கள். மாலையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். ஐந்தில் தொடங்கிப் பதினைந்து வரை போகலாம். வலி கடுமையாகி மறுநாள் வரை நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சில நாட்களில் பலன் தெரியாது. எட்டு, பன்னிரண்டு வாரங்கள் விடாமல் செய்தவர்களுக்கே குதிகால் வலி விடுகிறது.

இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான், சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில். அதில் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் வந்துவிட்டது, இதற்காகச் சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைவதற்கு முன் அங்கே காட்டிப் பாருங்கள்.

மாமியாருடைய ஒத்தடத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. இறுக்கத்துக்குச் சூடு இதமானது. ஆனால் எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால் கண்ணே கெடும். சுட்ட செங்கல் எவ்வளவு சூடு என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைப்பவை. பாதத்தில் ஒரு சூட்டுக் கொப்புளம் வந்தால் ஆறுவதற்கு நாளாகும். அதற்குப் பதிலாக, முழங்கையை விட்டுப் பார்த்து இதமாக இருக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருங்கள். மாமியாரையே வெந்நீர் வைத்துத் தரச் சொன்னால் அவருக்கும் மனம் நிறையும். மூட்டு வீங்கித் தொட்டால் சுடுகிற நாளில் மட்டும் சூடு வேண்டாம், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். காய்த்த தோலைப் பிளேடால் சீவுவதும், ஆணிக்காலுக்கு மருந்துப் பட்டை ஒட்டுவதும் உங்களுக்கு ஆகாது. அந்தப் பட்டையில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் வலிக்கு அது முழு விளக்கம் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி இருந்துவந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான். பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். முதுகும் கழுத்தும் இறுகும். தசைநார் எலும்போடு சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிந்து குதிகாலும் வலிக்கலாம். ஆனால் கைமூட்டுகள் வீங்கி, மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்குவது ஃப்ளோரைடால் வருவதில்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்க முடியும். முதுகும் இறுகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் சுண்டுவதால் அடர்த்திதான் கூடும்.

சாப்பாட்டில் தக்காளி, கத்தரி, உருளை என்று எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. கேழ்வரகுக் களியை விட்டுவிடாதீர்கள், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் அரிசியைவிடப் பல மடங்கு அதிகம்.

இனி, வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி. போகலாம். ஆனால் போன வருடம் நின்றதுபோல் இந்த வருடம் நிற்கக்கூடாது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்கிறது. இது நிர்வாகம் காட்டும் சலுகை அல்ல, சட்டம். சீசன் நெருக்கடியில் சண்டை போடச் சொல்லவில்லை. மருத்துவரிடம், 'முடக்குவாத நோயாளி, தொடர்ந்து நிற்கக்கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை தேவை' என்று இரண்டு வரிக் கடிதம் வாங்கி, சீசன் தொடங்கும் முன்பே மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் கேட்டால் யார் காதிலும் விழாது. பழம் தரம் பிரிக்கும் இடத்திலோ லேபிள் ஒட்டும் இடத்திலோ உயரமான முக்காலி போட்டு உட்கார முடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். முடியாதென்றால், அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் உட்காருவதையாவது பேசி வாங்குங்கள். நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு கிடைத்தால் பெரிய நிம்மதி.

ஈரத்தரைக்குக் கம்பூட் போடச் சொன்னால் ஒரு அளவு பெரியதாக வாங்கி, உள்ளே எம்.சி.ஆர். அட்டையை வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மதியம் மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். மற்றவர்களுக்குச் சேற்றுப்புண்ணாகப் போகிற வெடிப்பு உங்களுக்குச் சீழ் பிடிக்கலாம். புண், சீழ், காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து வீங்குவது, நக ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள், அடிபடாமலே காலை ஊன்ற முடியாத வலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்குவது - இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வேலை முடிந்த நாளில் துணி துவைப்பது, மாவு அரைப்பது எல்லாவற்றையும் அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து, மறுநாள் படுத்துவிடுவது இந்த நோயில் வழக்கமாக நடக்கிறது. நல்ல நாளிலும் அளவோடு நில்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவமனைக்குத் துணையாக உள்ளே வாருங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வேண்டாம். மருத்துவர் அந்தப் பாதத்தை நெருக்கிப் பார்க்கும்போது உங்கள் மனைவியின் முகத்தைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் அடிமூட்டு எப்படி இருக்கிறது என்று நீங்களே கேளுங்கள். ஆறு வருடமாக வலியோடு வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் தன் வலியை நிரூபிக்க வேண்டிய நிலையில் இருக்கக்கூடாது.

சகோதரி, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக வரும் நாட்கள் உங்களுக்கு இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீண்ட நாள் வலி மனத்தைச் சோர்வாக்கும், சோர்ந்த மனம் வலியைக் கூட்டும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரம் செருப்பு, அடுத்த வாரத்துக்குள் எக்ஸ்ரேயும் மருத்துவர் கடிதமும். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள், குங்குமம் வைத்துப் பார்த்ததில் எந்த விரலுக்கு அடியில் பதிந்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.